மூன்று பல்லும் ஐயாயிரம் டாலரும்

ஆர்வோ கொஸ்கெலாவுக்கு ஐஸ் ஹாக்கி சங்கம் தரவேண்டிய பாக்கி ஆயிரத்து எண்ணூற்று அறுபது டாலர். மூன்று பல் கட்ட மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகை அது. போன மார்ச்சில் கடைசி ஆட்டம், கடைசி நிமிஷம். வலைக்குப் போன ரப்பர் வட்டின் குறுக்கே ஆர்வோ விழுந்தான். வட்டு வாயில் பட்டது, கோல் விழவில்லை. அன்றே அந்தச் சீட்டின் அடியில், "சங்கம் கட்டும்" என்று மேலாளர் நார்மண் கெனெல் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

இப்போது அக்டோபர். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஆட்டக்காரர் பட்டியல் போயாக வேண்டும். லீக் விதித்த சம்பள உச்சவரம்பில் மற்றவர்களுக்கெல்லாம் போக, தடுப்பாட்டக்காரர் இரண்டு பேருக்கு மிச்சம் ஐயாயிரம். ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் ஆர்வோவும் டாரிலும் சரியாக அடங்குவார்கள். ஆனால் பல் பாக்கியையும் இந்த வருஷக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும் என்பது லீக்கின் விதி. ஆக, ஒருவன்தான் இருக்க முடியும்.

மரம் அறுத்துக் காய்த்துப்போன விரல்களால் நார்மண் நான்கு நாளாகப் பென்சிலில் எழுதி எழுதி அழித்தான். டாரிலுக்கு இருபத்துமூன்று வயது. மற்றவர்கள் முன்னோக்கி ஓடும் வேகத்தில் இவன் பின்னோக்கியே வழுக்கிப் போவான். ஆர்வோவுக்கு முப்பத்தாறு, வேகம் கிடையாது. ஆனால் வட்டு வரப்போகும் இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பான். அதை நார்மண் பதினோரு வருஷமாகப் பார்க்கிறான். ஒவ்வொரு தடவையும் பிரமிப்புத்தான்.

கடைசியில் வயதைப் பார்த்து டாரில் பெயரை எழுதினான். இருவரும் வேலை பார்க்கும் மர அறுவை ஆலையின் சாப்பாட்டு அறையில் ஆர்வோ பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தான். நார்மண் எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான்.

ஆர்வோ கரண்டியை வைத்தான். "அந்தப் பல்லுக் கணக்கு இல்லேன்னா?"

"ரெண்டு பேரும் இருக்கலாம்."

"யோவ் நார்ம், இதுக்கா நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சே? நான் உன் பொண்டாட்டி ஓடிட்டான்னு நெனச்சேன்."

"வாக்குக் குடுத்தது நான்டா."

"கட்டச் சொல்லி நானா கேட்டேன்? ஆடறவன் எவனாவது பல்லு கட்டுவானா? மறுபடி ஒடையும், உங்களுக்குத்தான் ரெண்டு செலவு. ஆட்டத்த விட்டப்புறம் என் காசுலயே கட்டிக்கிறேன்."

"உன் வீட்டுக்காரி ஐனோ திட்டுவாளே?"

"ஆட்டம் இருக்கற வெள்ளிக்கிழமை ராத்திரி நான் வீட்ல கெடந்தாத்தான் அவ திட்டுவா."

நார்மண் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தான். ஆர்வோ அதைப் பிடுங்கி, நார்மண் கையெழுத்துக்குக் கீழே "எனக்கு எதுவும் வரவேண்டியதில்லை" என்று எழுதித் தேதி போட்டான்.

"ஒண்ணு மட்டும். டாரில என்கூடவே எறக்கு. அந்தப் பய காலு சும்மா நிக்காது, முன்னாடி பாஞ்சுக்கிட்டே இருப்பான். அவன் விட்டுட்டுப் போற எடத்துல நான் நின்னுக்கறேன்."

நார்மண் பட்டியலை விரித்தான். டாரிலுக்குப் பக்கத்தில் ஆர்வோ கொஸ்கெலா என்று எழுதினான், இந்தத் தடவை பேனாவால். பிறகு பாக்கி என்ற வரியின் மேல் ஒரு கோடு இழுத்தான்.