கண் கடந்த நேரம்

வானிலை அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலை அவளுக்கு. பதினாறு வருடமாகத் தகர டப்பாக்களோடு குடித்தனம் நடத்துவதால் மாடியில் இருப்பவர்கள் அவளை டப்பா அக்கா என்றே கூப்பிட்டார்கள். டப்பாக்களில் ராடார் படச்சுருள்கள், அட்டைப் பெட்டிகளில் செயற்கைக்கோள் படங்கள், சுவரோரம் காந்த நாடாக்கள். நாடாக்களைப் படிக்கும் இயந்திரத்தை அவள் வேலைக்குச் சேரும் முன்பே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். நாடாக்களை மட்டும் எறியக் கூடாது என்று உத்தரவு. அதனால் வாரம் ஒருமுறை தூசி தட்டுவாள்.

அவளைத் தேடி யாரும் வருவது அபூர்வம். அன்று காலை இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்த பெண்ணுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தையல்காரி. கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே கிளம்பி வந்திருந்தாள். பின்னால் அவளுடைய அண்ணன், எழுபதைத் தாண்டியவர், கதவருகிலேயே நின்றுவிட்டார்.

“முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி பெரிய புயல் வந்துச்சுல்ல, அந்தப் படம் வேணுங்க,” என்றாள் தையல்காரி.

“அந்தப் புயலுக்கு மட்டும் நாலு பெட்டி இருக்கும்மா. எந்தப் படம்?”

“மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க ஊரு மேல என்ன இருந்துச்சுன்னு காட்டுற படம்.”

டப்பா அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். அண்ணன் உட்கார்ந்தார். பேசியதெல்லாம் தங்கைதான்.

அண்ணன் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். புயலன்று காலையிலிருந்தே பேருந்துகள் நிலையத்தை விட்டு நகரவில்லை. கூரைத் தகடுகள் பறந்தன. டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் பயணிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றரை மணி தாண்டியதும் காற்று சட்டென்று நின்றுபோனது. மழை விட்டது. வெயில்கூட அடித்தது. கழிமுகப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள், பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள், வண்டியை எடுங்கள் என்று கெஞ்சினார்கள். இரண்டு ஐந்துக்கு அவர் வண்டியை எடுத்தார். பாலத்தின் நடுவில் போகும்போது எதிர்த் திசையிலிருந்து காற்று அடித்தது. கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு பேருந்து தண்ணீரில் விழுந்தது. கண்டக்டரோடு சேர்த்துப் பதினோரு பேர் போய்விட்டார்கள். ஓட்டுநரை மட்டும் கண்ணாடி வழியாக அலை வெளியே தள்ளியது.

“விசாரணையில எங்கண்ணன் பொய் சொல்றார்னு எழுதிட்டாங்க. நிலையத்துல நின்னவங்க சொன்னதையும் எடுத்துக்கலை, வெயில் அடிச்சதுக்கு எழுத்துல ஆதாரம் இல்லையாம். கொட்டுற மழையில, வேணும்னே எடுத்தார்னு வேலையும் போச்சு, ரெண்டு வருஷம் ஜெயிலும் ஆச்சு. இப்பவும் எங்க தெருவுல ஒரு வீட்டுல இவர் மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. அந்த வீட்டுல மூணு பேர் அந்த வண்டியில போயிருந்தாங்க.”

விண்ணப்பப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற இடம் வந்ததும் டப்பா அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“எங்கண்ணன் பொய் சொல்லலேன்னு எழுதுங்க,” என்றாள் தையல்காரி.

டப்பா அக்கா ‘ஆய்வு’ என்று எழுதினாள்.

தேட ஆரம்பித்தாள். கடலோர ராடாரின் சுருளில் காலை பதினொன்று நாற்பதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. காற்று அதன் தலையையே பிடுங்கி எறிந்திருந்தது. செயற்கைக்கோள் படங்களில் அச்சிட்டு வைத்தவை மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. பன்னிரண்டு மணிப் படத்தைச் சூட்டில் கறுக்கும் காகிதத்தில் அச்சிட்டிருந்தார்கள். அது வெளிறிப்போய், டீ கொட்டிய துணி மாதிரி இருந்தது. மூன்று மணிப் படம் நன்றாக இருந்தது. ஆனால் அதற்குள் புயல் ஊரைத் தாண்டி உள்நாட்டுக்குள் போயிருந்தது. நடுவில் இருந்தவை நாடாக்களில் இருக்கலாம். அவள் அலமாரியின் முன்னால் நின்று அந்த நாடாக்களைப் பார்த்தாள். எல்லாம் அதில்தான் இருக்கிறது, எடுக்கத்தான் வழியில்லை.

வடக்கே நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி, ஒரு குன்றின் மேல் இன்னொரு ராடார் இருந்ததும், அதை மூடியபோது சாமான்களை இங்கே அனுப்பியதும் அவளுக்கு மூன்றாம் நாள்தான் நினைவுக்கு வந்தது. ‘மின்விசிறி உதிரி பாகங்கள்’ என்று எழுதிய பெட்டியில் அந்தச் சுருள் கிடந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த நெடி முகத்தில் அடித்தது. படச்சுருள் சுருங்கி, விளிம்பு நெளிந்திருந்தது. படம் காட்டும் கருவியில் ஓட்டினால் கிழிந்துவிடும். அடியிலிருந்து வெளிச்சம் தரும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்துக் கையாலேயே ஒவ்வொரு படமாக நகர்த்தினாள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு படம். ஒன்று நாற்பதுப் படத்தில் மழையைக் காட்டும் வெள்ளைச் சுழலுக்கு நடுவே கறுப்பாக ஒரு ஓட்டை. புயலின் கண். அதற்குள் மழையும் இருக்காது, காற்றும் இருக்காது. வரைபடத் தாளை மேலே வைத்துப் பார்த்தாள். பேருந்து நிலையம் இருந்த ஊர் கறுப்புக்குள் இருந்தது, ஓரத்தில்தான், ஆனாலும் உள்ளே. ஒன்று ஐம்பதிலும் உள்ளே. இரண்டு மணிக்கும் உள்ளே. இரண்டு பத்தில் கடல் பக்கத்து வெள்ளை நெருங்கியிருந்தது. இரண்டு இருபதில் எல்லாம் வெள்ளை.

உடனே தையல்காரிக்குப் போன் போட்டாள். “கிடைச்சிருச்சும்மா. அண்ணன் சொன்னது சரி.” மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் நின்றது.

மறுநாள் இருவரும் வந்தார்கள். தங்கை பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மெதுவாகக் குனிந்தார்.

“இதுல பாலம் எங்கம்மா?”

டப்பா அக்கா பென்சில் முனையை வைத்தாள். அந்த முனைக்குள் பாலம், நிலையம், நடுவில் இருந்த சாலை எல்லாமே அடங்கிப்போயின.

“நான் கிளம்பும்போது இந்த வெள்ளை எங்க இருந்திருக்கும்?”

“பாலத்துக்கு அந்தப் பக்கம். அஞ்சாறு கிலோமீட்டர் இருக்கும்.”

“அப்ப அதுக்கு நேராத்தான் ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்,” என்றார் அவர்.

பெட்டியில் சுருளோடு ஒரு பதிவேடும் இருந்தது. அன்று ராடாரைக் கவனித்தவர் கைப்பட எழுதியது. காட்டலாமா என்று டப்பா அக்கா யோசித்தாள். தங்கை அதற்குள் கையை நீட்டிவிட்டாள். வாய்விட்டுப் படித்தாள்.

‘1.40. கண் ஊருக்கு மேல். தொலைபேசி வேலை செய்யவில்லை. 1.50. தொலைபேசி இல்லை. 2.00. ஜனங்கள் வெளியே வந்திருப்பார்கள். தொலைபேசி இல்லை. வயர்லெஸ்ஸில் துறைமுகத்தைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. 2.10. இல்லை. 2.20. மூடிவிட்டது.’

மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்திருக்கார்,” என்றார் அண்ணன். “இப்ப இருக்காரா?”

“இல்லீங்க. போய்ச் சேர்ந்து ஒம்பது வருஷமாச்சு.”

“பாவம்,” என்றார். அதை யாருக்காகச் சொன்னார் என்று டப்பா அக்காவுக்குப் புரியவில்லை.

நகலில் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர் கெட்ட மனிதர் இல்லை. படத்தைப் பார்த்தார், பதிவேட்டை இரண்டு முறை படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நகல் குடுக்கலாம். உண்மை நகல்னு கையெழுத்தும் போடறேன். ஆனா அதுல என்ன தெரியுதுன்னு நாம எழுதக் கூடாது.”

“ஏன் சார்? பச்சைப் பிள்ளைக்குக் காட்டினாலும் சொல்லுமே.”

“அந்தப் பழைய ராடார்ல நாலு கிலோமீட்டர் முன்னே பின்னே இருக்கும். ஊரு கண்ணோட ஓரத்துல நிக்குது. கண்ணுக்குள்ளதான் இருந்துச்சுன்னு நான் எப்படிச் சத்தியம் பண்றது?”

“பதிவேட்டுல எழுதியிருக்காரே.”

“எழுதினவர் இல்லையேம்மா.”

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தப்பாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

விளக்கம் எதுவும் இல்லாத அந்த நகலைப் பிடித்துக்கொண்டு தையல்காரி போக்குவரத்துத் துறை அலுவலகங்களில் ஏறி இறங்கினாள். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேரே கீழ்த்தளத்துக்கு வந்தாள். விதிப்படி இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன, கோப்பு இல்லாததால் மறுபரிசீலனைக்கு இடமில்லை என்று இருந்தது.

“அப்ப தண்டனை இல்லைன்னு ஆயிருச்சான்னு கேட்டேன். இல்லம்மா, தண்டனை தண்டனைதான், அது எதுக்குன்னு எழுதின பேப்பர்தான் இல்லைன்னாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். “என் கடையில துணியத் தொலைச்சுட்டு, தையக்கூலிய மட்டும் குடுன்னு நான் கேக்கற மாதிரி இருக்கு.” சிரிப்பு நிற்காமல் இழுத்துக்கொண்டே போய், முந்தானையால் முகத்தைத் துடைப்பதில் முடிந்தது. டப்பா அக்கா தண்ணீர் கொடுத்தாள். வேறு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு மதியம் அண்ணன் தனியாக வந்தார். வேர்த்துப்போயிருந்தார். அந்தப் பதிவேட்டை ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டார். கொடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். ‘ஜனங்கள் வெளியே வந்திருப்பார்கள்’ என்ற இடத்தில் விரல் நின்றது.

“ரெண்டு மணிக்கும் ரெண்டு பத்துக்கும் நடுவுல படம் ஏதும் இல்லையாம்மா?”

“இல்லீங்க. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுதான்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு பதிவேட்டை மூடி, அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சொன்னார்: “கண்டக்டர் வேண்டாம்னான்.”

டப்பா அக்கா கையில் இருந்ததைக் கீழே வைத்தாள்.

“இன்னும் கால் மணி நேரம் பாப்போம்ணே, இந்த வெயில் எனக்குப் பிடிக்கலைன்னான். அவன் அப்பா கப்பல்ல வேலை பாத்தவர். என்னவோ கேள்விப்பட்டிருக்கான். ஜனங்க கத்திக்கிட்டு இருந்தாங்க. எனக்கு எரிச்சல். பயந்தாங்கொள்ளி, வேணும்னா நீ இங்கயே இருன்னு சொல்லிட்டு ஏறி உக்காந்தேன். அவன் இருக்கலை. பின்னாடியே ஏறி விசில் குடுத்தான்.”

“இத விசாரணையில...”

“கேக்கலை. வெயில் அடிச்சுதா இல்லையான்னுதான் கேட்டாங்க. அடிச்சுதுன்னேன். நெசமாத்தான் அடிச்சுது.” பதிவேட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். “கால் மணி நேரம்னான்மா. ரெண்டு அஞ்சும் பதினஞ்சும் ரெண்டு இருபது. நீ காட்டின படத்துல ரெண்டு இருபதுக்குத்தான் எல்லாம் வெள்ளையாயிருச்சு. நின்னிருந்தா நிலையத்துலயே மாட்டியிருப்போம். எல்லாரும் இருந்திருப்பாங்க.”

டப்பா அக்கா விளக்குப் பெட்டியைப் பார்த்தாள். இவரைக் காப்பாற்றத்தான் அந்தப் படத்தைத் தேடினாள். முப்பத்தொரு வருடமாக அவர் மனதில் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும், நின்றிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்று. அதையும் தானே விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டிக் கெடுத்துவிட்டோமோ என்று இருந்தது.

“தங்கச்சிக்குத் தெரியாது,” என்றார். “சொல்லணுமா?”

“எனக்குத் தெரியலீங்க.”

“எனக்கும் தெரியல. எனக்காக அவ நடக்காத நடை இல்ல. இனிமே போய் எப்படிச் சொல்றது?”

மேசையில் போன் அடித்தது. தையல்காரிதான். “அண்ணன் அங்க வந்தாராக்கா? வீட்டுல காணோம். அப்படியே உக்கார வைங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன், வந்துடறேன். அமைச்சருக்கு மனு தயார் பண்ணிட்டேன்.”

கால் மணி நேரத்துக்கும் மேலாக இருவரும் காத்திருந்தார்கள். அவர் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஒரு டப்பாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நாமே சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சொல்லும் உரிமை அவளுடையது இல்லை என்று அடுத்த கணம் தோன்றியது.

தையல்காரி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். “ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதாண்ணே? எங்கெல்லாம் தேடறது?” என்று அண்ணனைக் கடிந்துகொண்டே பையிலிருந்து நான்கு பக்க மனுவை எடுத்து மேசையில் வைத்தாள். தட்டச்சுச் செய்த தாள் இன்னும் மடிப்பு விழாமல் இருந்தது. ‘என் அண்ணன் மீது எள்ளளவும் தவறில்லை என்பதற்கு இப்படமே சாட்சி’ என்று மூன்றாவது பக்கத்தில் அடிக்கோடிட்டிருந்தாள்.

“படிச்சுப் பாருங்கக்கா. நேரமெல்லாம் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, போதும்.”

டப்பா அக்கா நான்கு பக்கத்தையும் படித்தாள். படித்து முடித்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை.

இரண்டாவது பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் பேருந்து கிளம்பிய நேரம் இரண்டு பதினைந்து என்று தவறாக அடித்திருந்தது. அதை அடித்து, இரண்டு ஐந்து என்று மேலே எழுதிக் கொடுத்தாள்.

“மத்ததெல்லாம் சரிதானே?”

“நேரம் சரிம்மா,” என்றாள் டப்பா அக்கா.

தையல்காரி தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். அண்ணனின் கையைப் பிடித்து எழுப்பி, படியில் பார்த்து ஏறச் சொல்லி, மேலே கூட்டிக்கொண்டு போனாள்.