ஹான் பேர் வரக் கூடாது

"யாருக்காவது சந்தேகம் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லுங்க." மேனேஜர் டக் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

மேஜையின் கடைசியில் ஜின்ஹோ தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

ஆஸ்டின் நகருக்கு வெளியே புதிதாக முளைத்த சிப் தொழிற்சாலை அது. முதலாளிகள் கொரியர்கள், டக் டெக்சாஸ்காரர். சிப் செய்யத் தேவையான விஷவாயுவைக் கொண்டுவரும் புதுக் குழாய் லைனை மதியம் திறக்கப் போகிறார்கள். குழாய்களுக்கு வரைபடம் போட்டவர் சீனியர் எஞ்சினியர் ஹான். ஜின்ஹோ அவருடைய உதவியாளன். சேனாபதி கம்ப்யூட்டர் பக்கம். குழாய்க்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம், சிப் செய்யும் தூசியில்லாத கிளீன் ரூமில், அவன் மனைவி எழிலரசி ஷிஃப்டில் இருந்தாள். உள்ளே போன் கிடையாது.

கூட்டம் கலைந்ததும் சேனாபதி டக்கைப் பிடித்தான். "அந்தப் பையன் முகமே சரியில்ல, டக்."

"கொரியாக்காரங்க அப்படித்தான், சேனா. பாஸ் எதிர்ல மூச்சு விட மாட்டாங்க. தப்பு இருந்தா எவனாவது சொல்லியிருப்பான்ல?"

இரண்டும் எப்படி ஒன்றாக உண்மையாகும் என்று டக் யோசிக்கவில்லை.

பார்க்கிங் லாட்டில், பற்றவைக்காத சிகரெட்டோடு ஜின்ஹோ நின்றிருந்தான்.

"ஹானுக்குப் பயப்படறியா?" என்றான் சேனாபதி.

"அவருக்கா? தினம் அவரோட சண்டை போடறவன் நான். பயமெல்லாம் டக்கை நினைச்சுத்தான். அமெரிக்காக்காரங்க ஒரு தப்புன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஹானோட ரெண்டு பொண்ணுங்களும் இப்பத்தான் இங்க ஸ்கூல்ல சேர்ந்திருக்காங்க."

"அப்ப தப்பு இருக்கு."

"சத்தியம் பண்ணு. அவர் பேர் வரக் கூடாது."

"வராது."

"மூணாவது குழாயோட முனை மூடலை. ஹான் டிராயிங்லயே விட்டுட்டார். காலைலதான் பார்த்தேன். யாருக்கும் தெரியாம நானே மூடிடலாம்னு போனா, குழாய் ரூம் கதவைப் பூட்டிட்டாங்க."

"ஹான்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எல்லார் முன்னாடியும் எழுந்து ஒத்துக்குவார்."

"லைனைத் திறந்தா வாயு எங்க போகும்?"

ஜின்ஹோ கிளீன் ரூம் பக்கம் பார்த்தான்.

சேனாபதி ஓடினான். தாழ்வாரத்து அபாய அலாரத்தைப் பிடித்து இழுத்தான்.

வெள்ளை உடுப்புகள் வரிசையாக வெளியே வந்தன. கண்கள் மட்டும் தெரிந்தன. எது அவள்? ஓர் உருவம் முகமூடியைக் கழற்றியது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?"

அவன் பதில் சொல்வதற்குள் டக் வந்துவிட்டார். "யார் இழுத்தது?"

"நான்தான்."

"ஏன்?"

தூரத்தில் ஜின்ஹோ அவனையே பார்த்தான்.

"லைனைத் திறக்காதீங்க டக். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

"காரணம் சொல்லு."

சேனாபதி, டக்கின் பின்னால் வந்து நின்ற ஹானைப் பார்த்தான்.

"ஃபால்ஸ் அலாரம். எல்லாரும் உள்ள போங்க," என்று டக் கத்தினார். "சேனா, உன் பேட்ஜைக் கொடு."

எழிலரசி முகமூடியை மறுபடி மாட்டினாள். "நான் ஷிஃப்டை முடிச்சுட்டு வந்தர்றனுங்க. ரெண்டு பேருக்கும் வேலை போச்சுன்னா விசா என்னாகறது?"

"போகாத எழில்."

"விடுங்க. டக் பாக்கறாரு." அவள் கதவை நோக்கித் திரும்பினாள்.

"மூணாவது குழாய் மூடலை," என்று சேனாபதி அலறினான். "ஹானோட டிராயிங் தப்பு."

எல்லாரும் நின்றார்கள். ஹான் கொரிய மொழியில் ஜின்ஹோவிடம் ஏதோ கேட்டார். அவன் ஆமாம் என்று தலையசைத்தான். ஹான் டக்கின் முன்னால் வந்து இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. இது மன்னிப்பா, ராஜினாமாவா என்று தெரியாமல் டக் திகைத்தார்.

"நிமிருங்க, ஹான். முதல்ல குழாயைக் காட்டுங்க."

இருவரும் நடந்தார்கள். திரும்பி வரும்போது ஹானுக்கு வேலை இருக்குமா என்று அங்கே யாருக்கும் தெரியாது.

ஜின்ஹோ பக்கத்தில் வந்தான். "சத்தியம் பண்ணினியே."

"உள்ள என் பொண்டாட்டி, ஜின்ஹோ."

"தெரியும்." அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான். "அதனாலதான் உன்கிட்ட சொன்னேன்."