கூடையில் வெந்த ஆடு

ரோமாபுரிப் பேரரசின் வடக்கு எல்லை மதிலில், காவல்கோபுரத்தில் தீ மூட்ட இரண்டு இடம் உண்டு. கீழ்த்தளத்தில் அடுப்பு, மேல்தளத்தில் இரும்புக் கூடை. அடுப்பு வயிற்றுக்கு, கூடை எதிரிக்கு. கூடையில் புகை கிளம்பினால் அடுத்த கோபுரமும் புகை எழுப்பும், அதற்கடுத்ததும் எழுப்பும். கோட்டையிலிருந்து குதிரைப்படை பறந்து வரும். இதெல்லாம் கம்பாக்ஸுக்குத் தெரியாததல்ல. ரோமாபுரிக்காகப் போரிடும் அயலார் படையான துங்கிரியப் படையிலேயே தலை நரைத்தவன். வரும் வசந்தத்தில் அவனுக்குப் படையிலிருந்து விடுதலை, ரோமாபுரியின் குடியுரிமை. அதுவரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானே? நாக்கு விட்டால்தானே!

முந்தின இரவு பெய்த அடைமழையில் கீழ் அடுப்பு குளமாகிக் கிடந்தது. கையிலோ உரித்த ஆடு. மதிலுக்கு வடக்கே பிரிக்கா என்ற விதவை மேய்க்கும் மந்தையிலிருந்து அகழியோரம் ஒதுங்கியதைக் கயிறு போட்டு மேலே தூக்கியிருந்தார்கள்.

"மேல கூடையில தோல் போத்தி வெச்ச காஞ்ச வெறகு சும்மாதானண்ணே கெடக்கு?" என்றான் கூட்டாளி தாகோமாஸ்.

"பொகை வருமேடா."

"காஞ்ச வெறகுல ஏதுண்ணே பொகை?"

விறகில் புகை இல்லைதான். கொழுப்பில் இருந்தது. சொட்டிய கொழுப்பெல்லாம் கரும்புகையாக வானத்துக்கு ஏறியது. கம்பாக்ஸ் தொடையில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால், அடுத்த கோபுரத்தில் புகை. அதற்கப்பால் இன்னொன்று.

"எவனோ எதிரியப் பாத்துட்டான்போலண்ணே!"

"நம்மளத்தாண்டா பாத்துருக்கான், மடப்பயலே!"

வீணாகப் படையைக் கிளப்பினால் கசையடி. கூடவே விரட்டியும் விட்டால் இத்தனை வருட உழைப்பும் ஆற்றில் கரைத்த புளி. ஆட்டைப் போர்வையில் சுருட்டி மூலையில் தள்ளி, கேடயத்தால் மூடினார்கள். அதற்குள் நூற்றுவர் தலைவன் பெலிக்கியோ குதிரைப்படையைக் கீழே நிறுத்திவிட்டு, பிரம்பும் கையுமாக மூச்சிரைக்க ஏணியேறி வந்துவிட்டான்.

"எங்கடா எதிரி?"

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு வெளியே ஒரு கூச்சல். அகழிக்கு அப்பால் பிரிக்கா இடுப்பில் கைவைத்து நின்று, தன் பாஷையில் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஆட்டத் திருடித் தின்ன நாய்ங்களா! எறங்கி வாங்கடா!"

"என்ன சொல்றா அவ?" என்றான் பெலிக்கியோ. அவளிடம் பீர் வாங்கிக் குடித்தே அந்தப் பாஷையைக் கற்றவன் கம்பாக்ஸ்.

"கொள்ளைக்காரங்க ஆட்டத் தூக்கிட்டாங்களாம் ஐயா."

"ரெண்டு பேரும் வெளங்காமப் போவீங்க!" என்று கீழிருந்து கத்தினாள் பிரிக்கா.

"முன்னால வந்தது ரெண்டு பேராம். பின்னால பெருங்கூட்டமாம்," என்று மொழிபெயர்த்தான் கம்பாக்ஸ்.

"எந்தப் பக்கம் போனானுங்க?"

பிரிக்கா நேராகக் கோபுரத்தையே கைநீட்டிக் காட்டினாள்.

"நம்ம கோபுரத்துக்குத்தான் வந்தாங்களாம் ஐயா. நாங்க கூடையக் கொளுத்தினதும் பயந்து ஓடிட்டாங்களாம்!"

பெலிக்கியோவின் முகம் மலர்ந்தது. மூக்கும் மலர்ந்தது. "என்னடா வாசன இது?"

"நல்ல வெறகு ஐயா."

கீழே கூச்சல் சட்டென்று நின்றது. பிறகு சுத்தமான லத்தீனில் ஒரு குரல் வந்தது.

"அவரு சொல்றது அத்தனையும் நெசங்கய்யா."

கம்பாக்ஸ் எட்டிப் பார்த்தான், பேசியது பிரிக்காவேதான். கோட்டை வாசலில் காலமெல்லாம் பீர் விற்கிறவளுக்கு லத்தீன் தெரியாமலா இருக்கும்? அந்தச் சின்ன விஷயம் அந்தப் பெரிய மூளைக்கு எட்டவே இல்லை.

"மறுபடியும் வருவானுங்கய்யா," என்றாள் பிரிக்கா. "ஒண்டிக்கட்ட நான் என்ன பண்ணுவேன்? திருடன் மூஞ்சி தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு பேரு என் பட்டிக்குக் காவலா இருந்தா புண்ணியமாப் போவும்."

"அதுக்கென்னம்மா, இவனுங்களே வருவானுங்க. பனி தீர்றவரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும்," என்று உத்தரவு போட்டான் பெலிக்கியோ.

அன்று மாலையே கம்பாக்ஸ் தாகோமாஸோடு, ஆயுசெல்லாம் காத்த மதிலுக்கு வெளியே, புழுக்கைச் சேற்றில் நின்றான். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. பிரிக்கா ஆடுகளை எண்ணி உள்ளே விட்டுப் படலைச் சாத்தினாள்.

"ஒண்ணு கொறைஞ்சாலும் ஐயாகிட்டப் போயிருவேன், காவல்காரரே. இன்னைக்கு வெந்தது உட்பட எல்லாத்தையும் சொல்லிருவேன்."

"ஒண்ணும் கொறையாதுங்க அம்மா," என்றான் கம்பாக்ஸ்.

தூரத்துக் காட்டில் ஓநாய் ஊளையிட்டது. வசந்தம் வரைக்கும் அதற்குப் பசிக்கவே கூடாது என்று அவன் தெரிந்த தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டான்.