கருப்புப் பொறுக்கு

ராஜமுருகனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வாசலில் நின்று பீடி குடித்தவன். என் தங்கை கண்மணியை வடகவுஞ்சிக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்து, அவள் போனில் கொஞ்சம் குரல் தாழ்த்திப் பேசினாலும் இவன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று நினைப்பேன்.

அன்றைக்கு நாலு நாள் காய்ச்சலோடு அவளைப் பழனிக்குக் கூட்டி வந்து என் வீட்டில் விட்டான்.

"பீன்ஸ் பறிக்காமக் கெடக்கு மதினி. ரெண்டு நாள்ல வெரசா வந்துர்றேன்" என்று அடுத்த பஸ்ஸிலேயே மலையேறிவிட்டான். பெண்டாட்டி அனலாய்க் கொதிக்கிறாள், இவனுக்குப் பீன்ஸ்!

ஈரத்துணியால் அவளுக்கு உடம்பு துடைத்தபோதுதான் பார்த்தேன். இடது மார்புக்குக் கீழே, மடிப்புக்குள், வட்டமாக ஒரு கருப்புப் பொறுக்கு. சுற்றிலும் சிவந்திருந்தது. பீடி நெருப்பை வைத்து அழுத்தினால் எப்படி இருக்குமோ, அச்சு அசல் அப்படி. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் புருஷனை விட்டுக்கொடுக்காமல் மழுப்புவாள்.

காய்ச்சல் இறங்கவில்லை. அவன் திரும்பி வந்ததும் இருவருமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். டாக்டர் விசாலாட்சி எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மலையில இருந்து வர்றீங்க. அக்குள், மார்புக்குக் கீழ, தொடை இடுக்குல எங்கயாவது கருப்பாப் புண்ணு இருக்கா?"

இந்த அம்மாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அடுத்தது போலீஸ்தான் என்று பயந்தேன். ஊர் சிரிக்கும். அதைவிட, அவனை முதலில் நான் கேட்க வேண்டும், என் கையால் நாலு அறை விட வேண்டும்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

ராஜமுருகன் தரையைப் பார்த்துக் கள்ளமுழி முழித்தான். மாட்டிக்கொண்டாயா என்று நினைத்துக்கொண்டேன்.

வேறு காய்ச்சலுக்கு மருந்து ஏறியது. மறுநாள் காலை கண்மணிக்கு மூச்சு இரைத்தது. ஓடி வந்த டாக்டர் தானே சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதத்தான நேத்து கேட்டேன்? புதர்ல இருக்குற பொடிப் பூச்சி கடிச்ச எடம் இது. கடிக்கிறப்போ வலிக்காது. ஜப்பான்ல ஆத்தங்கரைக்கு அறுப்புக்குப் போனவங்க இந்தக் காய்ச்சல்ல நிறையப் பேரு செத்தாங்க. உள்ள இருக்குற கிருமியக் கண்டுபிடிக்க டாக்டருங்களுக்கு எத்தனையோ வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் இந்தப் புண்ணுதான் அவங்களுக்கு அடையாளம். கூட இருந்து பார்த்துக்கிட்ட நீங்களே இல்லன்னீங்களே!"

பூச்சியாம்! இவனிடம் காசு வாங்கிவிட்டாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மருந்தை மாற்றி, இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியபோதுதான் நம்பினேன். ஒரு நாள் முன்பே நான் வாயைத் திறந்திருந்தால் அவள் இவ்வளவு பட்டிருக்க மாட்டாள்.

கண்மணி பிழைத்தாள். காதுதான் மந்தமாகிவிட்டது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவள் காதோரம் மெல்லச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். அவளுக்கு விழவில்லை. கடைசியில் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"ஒம் புருஷன் பீடியால சுட்டுட்டான்னு நெனச்சேன்டி! அதான் டாக்டர்ட்ட மறைச்சேன்!"

டீ வாங்கி வந்த ராஜமுருகன் கட்டில் அருகே நின்றிருந்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன். அவனும் அவள் பக்கம் குனிந்து கத்தினான்.

"திரும்பி வந்தப்ப நானும் பார்த்தேன் புள்ள! மதினி வீட்ல காமாலைன்னு நெனச்சுச் சூடு போட்டுட்டாங்கன்னு இருந்துட்டேன். டாக்டர் வைவாங்களேன்னு சொல்லல!"

கண்மணி எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"காய்ச்சலுக்கு முன்னாடியே இருக்குக்கா அது. தோட்டத்துல புதர் வெட்டுன வாரமே வந்துருச்சு. ஒருத்தராச்சும் என்ட்டக் கேட்டிருக்கலாம்ல?"

நாங்கள் பேசாமல் நின்றோம்.

அவள் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லுங்க, ஒண்ணும் விழல" என்றாள்.