மேலாலே போன புகை

றேணுகா ஜன்னல் இடுக்கில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, உரிமையோடு உள்ளே வருகிறவள். முன்னறையில் சவப்பெட்டிக்குள் ஐறீனின் அப்பா படுத்திருந்தார். தலைமாட்டில் மெழுகுதிரி எரிந்தது.

"இதென்னக்கா, போத்தலுக்கு மூடி போட்ட மாதிரி அடைச்சு வச்சிருக்கிறியள்? வாற சனத்துக்கு மூச்சு முட்டுமெல்லோ."

மூன்று நாளைக்கு முன்னர் அந்த டேப்பை ஒட்டியதே ஐறீன்தான்.

வானில் சுற்றும் செய்மதி எடுக்கும் படங்களில் காட்டுத்தீப் புகையைத் தேடி, அது எந்த நாட்டுக்குப் போகிறது என்று கோடு கீறுவது அவளுடைய உத்தியோகம். ஊருக்கெல்லாம் எச்சரிக்கை எழுதுகிற கை. சுமாத்திராக் காட்டில் எழுந்த புகை இந்த முறை கடல் தாண்டி இலங்கைப் பக்கம் வந்தது. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் உழைத்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர் அப்பா, நல்ல காற்றையே பாடுபட்டு இழுக்கிறவர். அந்தப் புகையை உள்ளே விடுவாளா மகள்?

அப்பாவுக்கோ அது ஒரு விளையாட்டு. காலையில் கண் திறந்ததும் கேட்பார்.

"பிள்ளை, எங்கட புகை இப்ப எங்கை நிக்குது?"

ஐறீன் கட்டிலில் லேப்டொப்பை வைப்பாள். நீலக் கடலின் மேல் மண்ணிறத்தில் ஒரு நீளக் கோடு, கரைந்து கரைந்து வரும். அப்பா விரலை அதன்மேல் ஓடவிட்டு, ஏதோ கப்பலில் ஏறியவர் போல, அரைக்கண்ணில் போய்க்கொண்டே இருப்பார். "இது கப்பல் போற பாதை," என்பார். "இனி நேரே கொழும்புதான்." பிறகு அப்படியே உறங்கிவிடுவார். கனவிலும் அந்த விரல் அசையும்.

புதன்கிழமை கோடு அவர்கள் இருந்த கொழும்பைத் தொட்டது. அப்பா நெடுநேரம் பார்த்தார்.

"மேலாலை தானே பிள்ளை போகுது? ஜன்னலைக் கொஞ்சம் திற. கப்பல் ஊதுறது கேக்கட்டும்."

ஊதுகிற சத்தத்தை வைத்தே எண்ணெய்க் கப்பலா, சரக்குப் பெட்டிக் கப்பலா என்று சொல்லிவிடுவார். அது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த துறைமுகம்.

"மேலாலையும் கீழாலையும் ஒண்டுதான் அப்பா. புகை போகட்டும், திறக்கிறன்."

"சரி, நீ படிச்சவள்," என்று சிரித்தார். சனிக்கிழமை விடியற்காலை, அடைத்த அறைக்குள், சத்தமில்லாமல் போய்விட்டார்.

இப்போது, அவளோடு வேலை செய்யும் நப்ரீஸ் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"பொகையாலதான் ஒங்கட வாப்பாக்கு இப்புடி ஆனதெண்டு மனசுல வெச்சுக்கொள்ளாதீங்க. ஒசரத்த அளக்குற லேசர் செய்மதிப் படம் இண்டைக்குத்தான் வந்திச்சி. பொக மூணு கிலோமீட்டர் ஒசரத்துலதான் போயீக்கிது. கீழ ஒண்டும் எறங்கல்ல. காத்து நல்லாத்தான் இருந்தீக்கிது."

பாவம், அவன் ஆறுதல் சொல்ல வந்தவன். மேலிருந்து எடுத்த சாதாரணப் படத்தில் புகையின் உயரம் தெரியாது. முதல் நாள் வேலையில் ஐறீன் படித்த பாடம். தரையில் காற்றை அளக்கிற கருவி திருத்தத்துக்குப் போயிருந்தது. பயத்தில் அவள் பாடத்தையும் மறந்துபோனாள். அப்பாதான் சரியாகச் சொன்னார். ஐயோ, மூன்று நாள்! கேட்டது ஒரு ஜன்னல். அதைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாளே, படித்த விசரி.

பர்ரென்று டேப் உரிந்தது. றேணுகா ஜன்னல் கதவுகளைத் தள்ளினாள். உப்புக் காற்று திபுதிபுவென்று உள்ளே வந்து, திரைச்சீலையைத் தூக்கி, மெழுகுதிரியை அணைத்தது.

"ஐயோ, அணைஞ்சிட்டுது. மூடட்டோ அக்கா?"

"வேண்டாம்," என்றாள் ஐறீன். "மூடாதை."

எழுந்து போய்த் திரியை மறுபடி கொளுத்தி, சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் நரைமுடி காற்றில் இலேசாக அசைந்தது.

துறைமுகப் பக்கமிருந்து கப்பல் ஒன்று ஊதியது. நீளமாக, ஒரே மூச்சில்.

ஐறீன் பழக்கத்தில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என்ன கப்பலென்று கேட்க.