இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று

என் கணவருக்கு என்னைக் கட்டுவதற்கு முன்பே ஒருத்தி இருந்தாள். பத்து மாடி உயரம், உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைப் பட்டை. தெற்கே ஒரு துறைமுகத்துக் கலங்கரை விளக்கம். பரமசிவம் அங்கேதான் முதலில் வேலை பார்த்தார். டெல்லி ஆபீசுக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே துவாரகா பகுதியில் குடியேறி எத்தனையோ வருஷம் ஆயிற்று. இன்றும் அவர் போனைத் திறந்தால் அவள் படம்தான். “அவ ஒரு நாள்கூட கப்பலக் கைவிட்டதில்ல” என்பார், நான் வைத்த குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கென்று இருந்தது அவர் காலிங்பெல் அடிக்கும் விதம். சட்சட்டென்று இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. வேறு யாரும் அப்படி அடிப்பதில்லை. கேட்டதும் அடுப்பைக் குறைத்துவிட்டு, தலையை ஒதுக்கிக்கொண்டு ஓடுவேன். எனக்காகவே அப்படி அடிக்கிறார் என்று நம்பியிருந்தேன், பைத்தியக்காரி.

போன வாரம், அந்த விளக்கில் அவரோடு வேலை பார்த்த பழைய சிநேகிதர் ரத்தினவேல் மீட்டிங்குக்காக டெல்லி வந்தார். இவர் ஆபீசிலிருந்து திரும்புவதற்குள் வீட்டுக்கே வந்துவிட்டார். காபி குடித்தபடி, படகிலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினார். இருட்டில் அவள் மின்னினாள். இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. மறுபடியும் அதே.

“ஏன் இப்படி விட்டு விட்டு எரியுது?”

“ஒவ்வொரு வெளக்குக்கும் ஒரு கணக்கு உண்டு மதினி. அத வச்சுத்தான் கப்பல்காரன் இது எந்தத் துறைமுகம்னு கண்டுபிடிப்பான். இவளுக்கு நாங்க வேலைக்குச் சேரும் முன்னாலருந்தே இதான்.”

அப்போது பெல் அடித்தது. இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. இத்தனை வருஷமும் அவள் கூப்பிட்டா நான் ஓடினேன்? நான் எழுந்திருக்கவில்லை. ரத்தினவேல்தான் கதவைத் திறந்தார்.

விருந்தாளி போனதும் பிடித்துக்கொண்டேன். “பெல்ல எதுக்கு அவள மாதிரி அடிக்கீங்க?”

பரமசிவம் விழித்தார். “அப்படியா அடிக்கேன்? எனக்கே தெரியாதே.”

தெரிந்து செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். விரலிலேயே குடியிருக்கிறாளே! “நாளையிலருந்து ஒரே தடவ அடிங்க” என்றேன். சரி என்றார்.

மறுநாள் மாலை பெல் ஒரே தடவை அடித்தது. கூரியர்க்காரர் என்று நினைத்து, “பையா, பாஹர் ரக் தோ” என்று, வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கத்திவிட்டுச் சப்பாத்தி தேய்த்தேன். வெகுநேரமாகியும் இவரைக் காணோம். மெட்ரோவில் ஏதாவது கோளாறோ என்று போன் செய்தேன். கதவுக்கு வெளியே அவர் போன் ஒலித்தது.

திறந்தால், காய்கறிப் பையோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். “ஒரு தடவதான அடிக்கச் சொன்ன?”

ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “பழையபடியே அடிச்சுத் தொலைங்க” என்றேன்.

என் புருஷன் என் வீட்டுக்குள் வருவதற்கு அவள் தயவு வேண்டியிருக்கிறது!