கட்டுரைக்கு ஓர் ஒப்பாரி

ஜப்பான்காரன் வந்து துறைமுகத்தின்மேல் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போன பங்குனிக் கடைசிக்குப் பிறகு, திருகோணமலையில் காகங்கள்கூட மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போய்விட்டன. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் ஒரு கிழமையாகச் சூரியனையே காணவில்லை. கோழிகள் மத்தியானத்தில் கூட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, விடிந்துவிட்டதா இல்லையா என்று தங்களுக்குள் சண்டை பிடித்தன. அந்த வருடம் சித்திரைப் பிறப்புக்கு ஊரில் பொங்கிய பானை ஒன்றுகூட இல்லை.

எல்லாரும் ஓடிய ஊரில் ஓடாமல் இருந்தவர்களில் ஒருத்தி பத்மாசனி. கொழும்புக் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவள். குண்டுப் பயத்தில் கல்லூரியைப் பூட்டி, பிள்ளைகளை ரயிலேற்றிவிட்டார்கள். ஆனால் இலக்கியப் பேராசிரியர் இருக்கிறாரே, வானம் இடிந்து தலையில் விழுந்தாலும் அதை எந்த அலங்காரத்தில் சேர்ப்பது என்று யோசிக்கிற மனுஷன். எல்லாருக்கும் வீட்டுக்கே ஒரு கேள்வியை அனுப்பியிருந்தார். கடலில் போனவர்களைப் பற்றி இரண்டு பாடல்களை எடுத்து, ‘காத்திருத்தல்’ என்ற கருப்பொருளில் ஒப்பிட்டு எழுதவேண்டும். ஒன்று வகுப்பில் படித்த ஆங்கிலக் கதைப்பாட்டு. மற்றது அவரவர் ஊரில் வாய்வழியாகப் பாடப்படுவது. கட்டுரை தேறினால் கல்லூரி திறக்கும்போது இடம் உண்டு. தேறாவிட்டால் இல்லை.

தகப்பன் வல்லிபுரம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், இதை இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்.

“கட்டுரை சரிவந்தால் கொழும்பு. சரிவராட்டில் கிளிவெட்டி.”

கிளிவெட்டி என்றால் தாயின் ஊர். தாயும் தம்பிமாரும் அங்கேதான் ஓடிப்போயிருந்தார்கள். அங்கே பத்மாசனிக்கு ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தது. நல்ல வயற்காரர். அவர் தும்மினால் மூன்று வயலுக்கு அப்பால் நிற்கிற எருமைகள் பதில் சொல்லும் என்று தம்பிமார் எழுதியிருந்தார்கள். பத்மாசனிக்கு அதில் சிரிப்பு வரவில்லை.

ஆங்கிலப் பாட்டை அவள் கரைத்துக் குடித்திருந்தாள். மாலுமி ஒருவன் கடலுக்குப் போகிறான், திரும்பவில்லை. மனைவி ஒவ்வொரு மாலையும் சன்னலில் விளக்கேற்றி வைக்கிறாள், தலை நரைக்கும்வரை. அந்த விளக்கு வருகிற அடியின் கீழ் பத்மாசனி மூன்று கோடு இழுத்திருந்தாள். கட்டுரையின் சாரத்தையும் அவள் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள்: ‘அந்த நாட்டுப் பெண் காத்திருக்கிறாள். எங்கள் பெண்ணோ ஒரே நாளில் அழுது முடித்துவிடுகிறாள்.’ எவ்வளவு அழகான வித்தியாசம்! இனி அழுது முடிக்கிற பாட்டொன்று வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காகத்தான் அவள் சல்லிக் கடற்கரைக் கிராமத்துக்கு வந்து மாமி வீட்டில் தங்கினாள்.

மாமி இரத்தினேஸ்வரி, வல்லிபுரத்தின் தமக்கை. ஒப்புச் சொல்லி அழுவதில் அவளை அடிக்கச் சல்லியில் மட்டுமல்ல, நிலாவெளி தாண்டியும் ஆளில்லை. அவள் செத்தவீட்டில் வாயைத் திறந்தால், கடன்காரன்கூடச் செத்தவனை மன்னித்துவிட்டு மூக்கைச் சிந்துவான். பிணமே ஒருக்கால் எழும்பி, “அந்தக் கடைசி அடியைத் திருப்பிச் சொல்லடி” என்று கேட்டதாம். கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட மாமி இப்போது வாயைத் திறப்பதில்லை. குண்டு விழுந்த அன்று விடியற்காலையில் கடலுக்குப் போன மாமா கோணாமலை திரும்பி வரவில்லை. வள்ளமும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டும் வரவில்லை. ஊர் கூடி வந்து, “இரத்தினேஸ், அழுதிட்டு ஆகவேண்டியதைப் பாப்பம்” என்றபோது, “ஆள் வரேல்ல. ஆருக்கு அழுகிறது?” என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். கிளிவெட்டிக்குக் கூப்பிட்டால், “வாற மனுஷன் பூட்டின வீட்டையே பாக்கிறது?” என்பாள். தமக்கையை விட்டுவிட்டுப் போக வல்லிபுரத்துக்கும் மனமில்லை. அவர்களை ஏற்றிப்போகக் கிண்ணியாவிலிருந்து முஹம்மது தம்பியின் மாட்டு வண்டி இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் வெறுமையாகத் திரும்பிப் போயிற்று. மாடுகளுக்கே வெட்கமாகப் போயிருக்கும்.

பத்மாசனி முதலில் மாமியிடம் கேட்கவில்லை. பக்கத்து வளவுத் தங்கரத்தினத்திடம் போனாள். தங்கரத்தினம் கருவாடு காயப்போட்டுக்கொண்டு நின்றாள்.

“அக்கா, ஒரு ஒப்பாரி சொல்லித் தாங்கோவன். எழுதவேணும்.”

தங்கரத்தினத்தின் கையிலிருந்த கருவாடு அப்படியே நின்றது. “ஆரைச் சாகடிச்சுப்போட்டு அழச் சொல்லுறாய், பிள்ளை?”

“ஒருத்தரும் சாகேல்ல. படிப்புக்கு.”

“படிப்புக்கு அழுகிறதோ! கொழும்பில இதையும் சோதனை வைக்கிறாங்களோ? சாகாத வீட்டில ஒப்புச் சொன்னால் அந்த வீடு செத்தவீடுதான். கேட்டவை அவ்வளவு பேரும் வந்து அழுதே ஆகவேணும். போ போ, உன்ர கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இந்த நாயைக் கலைச்சுவிடு.”

ஊரில் எவளைக் கேட்டாலும் இதே கதைதான். ஒருத்தி பயத்தில் ஓடிப்போய் முத்துமாரியம்மன் கோவிலில் திருநீறு வாங்கி வந்து பத்மாசனியின் நெற்றியில் அப்பிவிட்டாள்.

கட்டுரை அனுப்பவேண்டிய நாள் கிட்டியது. தகப்பன் வந்து, “எழுதியாச்சோ?” என்றார். “பாதி” என்றாள். “பாதிக்குப் பாதி வழிதான் போகலாம்.” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அன்று பின்னேரம் பத்மாசனி குசினிக்குள் போய் மாமியின் பக்கத்தில் குந்தினாள்.

மாமி உலை வைத்திருந்தாள். அரிசியைச் சுண்டால் அளந்து போட்டாள். ஒன்று, இரண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னும் இரண்டு. அவ்வளவு சோற்றை இரண்டு பேர் தின்ன ஏலாது. மிஞ்சுவதை மாமி மறுநாள் காலையில் தண்ணீர்விட்டுக் கரைத்துக் குடிப்பாள். பத்மாசனி அதைத் தினமும் கண்டிருந்தாள். கிழமைக் கணக்காகக் கண்டும், மாமிக்கு அளவு பிசகுகிறது என்றுதான் நினைத்தாள். அவள் நினைப்பெல்லாம் சீமைச் சன்னலில் எரிகிற விளக்கில்.

“மாமி, நான் கொழும்புக்குப் போக ஏலாமல் போகப்போகுது.”

கதையைக் கேட்டு முடிக்கும்வரை மாமி அடுப்பையே பார்த்திருந்தாள்.

“வேற பாட்டுக்கு எழுத ஏலாதோ? அம்மன் பாட்டு?”

“ஏலாது மாமி. கடலில போனவைக்கு அழுகிறது வேணும்.”

மாமி விறகை உள்ளே தள்ளிவிட்டாள். பிறகு எழும்பிக் குசினிக் கதவைச் சாத்தினாள். சன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டாள். விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாதென்று தொங்கவிடுகிற அதே சாக்கு.

“எங்கட குடும்பத்தில பள்ளிக்கூடம் தாண்டினவள் நீ ஒருத்திதான். உன்னை எருமைக்குப் பின்னால அனுப்ப ஏலாது. கேள். பாடமாட்டன். கதை மாதிரிச் சொல்லுவன். எப்பவோ ஆரோ ஒருத்தி தன்ர புருஷனுக்குச் சொன்னது. விளங்கிச்சோ? எனக்கில்லை.”

“ஓம் மாமி.”

மாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சந்தைக் கணக்குச் சொல்கிறவள்போல வறட்டுக் குரலில் சொன்னாள். பத்மாசனி பென்சிலை ஓட்டினாள். ஆனால் வார்த்தைகள் தாளில் செத்த மீன்களாகக் கிடந்தன. எங்கே அடி முடிகிறது, எங்கே மூச்சு விடுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. ஓசையைப் பற்றி எழுதாவிட்டால் பேராசிரியர் மூக்கைச் சுளிப்பார்.

அப்போது அவள் அந்தப் பிழையைச் செய்தாள்.

“மாமி, இதை ஒரேயொருக்கால் ராகத்தோட சொல்லுங்கோ. மெள்ளமாய்.”

மாமி திரும்பிப் பார்த்தாள். மறுக்கப் போகிறாள் என்றுதான் பத்மாசனி நினைத்தாள். மாமி கண்ணை மூடினாள்.

*உலையிலே சோறு வேக
உண்ண வர நேரமென்ன?
கூப்பிட்டால் கேட்கும் தூரம்
குறுக்கே கடல் வந்ததென்ன?*

முதலடி மெள்ளமாய்த்தான் வந்தது. இரண்டாவதில் குரல் தானாக ஏறிவிட்டது. மூன்றாவதில் அது மாமியின் குரலாகவே இல்லை. துறைமுகத்துச் சங்கு ஊதினால் அரை ஊர்தான் கேட்கும். இது சாக்கையும் கதவையும் கிழித்துக்கொண்டு, கடற்கரை மணலில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்களையெல்லாம் தட்டி எழுப்பிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், அலைகூட ஒரு கணம் கரைக்கு வர யோசித்தது. பத்மாசனியின் பென்சில் நின்றது. ‘ஆரோ ஒருத்தி’ என்று ஒருத்தியுமில்லை, அது மாமியேதான் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

வெளியே ஒரு தண்ணீர்ச் சருவம் விழுந்து உருண்டது.

“ஐயோ, கோணாமலையண்ணை!” என்று தங்கரத்தினம் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் சல்லி முழுக்க. ஓடிப்போனவர்கள்கூடத் திரும்பி வந்துவிட்டார்களோ என்னும்படி வந்தார்கள். மாமியை நடுவில் இருத்திக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையோடு தலை முட்டி அழத் தொடங்கினார்கள்.

“அக்கா, இல்லை! இது கட்டுரைக்கு! நான்தான் கேட்டனான்!” என்று பத்மாசனி கத்தினாள்.

“என்னடி கட்டுரை? எந்தக் கடற்கரையில பிணம் ஒதுங்கினது?”

“ஒதுங்கேல்ல! மாமி, நீங்களாவது சொல்லுங்கோ!”

எல்லாரும் ஒரு நொடி நிறுத்தி மாமியைப் பார்த்தார்கள். ஒரு சொல் போதும். “சும்மா சொன்னனான்” என்றால் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மாமி பத்மாசனியைப் பார்த்தாள், மடியிலிருந்த தாளைப் பார்த்தாள், கடைசியில் உலையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வந்தது அடுத்த அடி.

ஒரு கிழவி எழும்பிப்போய் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். செத்தவீட்டில் அடுப்பு எரியக்கூடாது. புஸ்ஸென்று சாம்பல் எழும்பி எல்லார் தலையிலும் விழுந்தது. சோறு அரைவேக்காட்டில் நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. வெள்ளை கட்டினார்கள். பறை அடித்தார்கள். பாடையில் கிடத்த உடல் இல்லாததால் மாமாவின் பழைய வலையை மடித்து வைத்தார்கள். தாலி கழற்றும்போது பத்மாசனி வீட்டுக் கோடிப்பக்கம் போய் நின்று பனைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சடங்குகள் முடிந்த மறுநாள் முஹம்மது தம்பியின் வண்டி மூன்றாம் முறையாக வந்தது. மாமி தானாகவே ஏறி இருந்தாள். வீட்டைப் பூட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கிண்ணியாத் துறை தாண்டும்வரை அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“எழுதி முடிச்சிட்டியோ?”

“எழுதமாட்டன் மாமி. எனக்கு வேண்டாம்.”

“எழுதாமல் விட்டாயெண்டால் உன்னோட கதைக்கமாட்டன். சும்மாவுக்கே நான் வெள்ளை உடுத்தது?”

கிளிவெட்டியில் பத்மாசனி எழுதினாள். விளக்கைப் பற்றி எழுதினாள். பிறகு, ‘எங்கள் பெண்ணோ ஒரே நாளில் அழுது முடித்துவிடுகிறாள்’ என்ற வரியைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். அந்நேரம் குசினியில் மாமி இராச்சாப்பாட்டுக்கு அரிசி அளந்துகொண்டிருந்தாள். வீட்டிலுள்ளவர்கள் எத்தனை பேரோ அத்தனைக்கும் போட்டாள். யோசித்தாள். இன்னும் இரண்டு சுண்டு போட்டாள்.

பத்மாசனி அந்த வரியைத் தாள் கிழியும்படி வெட்டினாள்.

“என்ன வெட்டுறாய்?”

“பிழையாய் எழுதிப்போட்டன், மாமி.”

“அப்ப சரியாய் எழுது. தபால் போகப்போகுது.”

பேராசிரியரின் பதில் மழைக்காலத்தில் வந்தது. இரண்டு பெண்களும் ஒருத்தியே என்று முடித்தால் ஒப்பீட்டுக்கு என்ன வேலை என்று சலித்திருந்தார். உதாரணப் பாடல் பாதியில் நின்றதற்கும் புள்ளி வெட்டியிருந்தார். ஆனாலும் வரலாம்.

“என்னவாம்?” என்று மாமி கேட்டாள்.

“வரச் சொல்லியிருக்கினம்.”

“அப்ப சரி” என்றாள் மாமி. வெள்ளைச் சேலையின் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, அரிசி களையப் போனாள்.